நனைந்த பின்னும் நிழல் தரும் துணி: அம்பாறைக் கரையோரத்தில் நீர் விளையாட்டும் வெயில்காப்பு உடையும்

கல்முனைக்குடிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தலையில் துவாய், உடம்பில் பழைய முழுக்கைச் சேட், மடித்துக் கட்டிய சாறன் அல்லது அரைக் காற்சட்டை. அதே வெயிலில், ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தெற்கே அறுகம்குடாவில், பலகையில் குப்புறப் படுத்து அலைக்குக் காத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு முதல் நாளே முதுகு சிவந்துவிடுகிறது. வெயிலில் உடம்பை மூட வேண்டும் என்று இந்தக் கரைக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வலையாளின் சேட் பலமுறை தோய்த்து நைந்த பருத்தி. இடுப்பளவு நீரில் இறங்கியதும் அது நனைந்து முதுகோடு ஒட்டுகிறது. துணிக்கு ஊடாகத் தோலின் நிறம் தெரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் தோல் வெயிலுக்கும் தெரியும். மூடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நனைந்த பின்னும் மூடுகிற துணியைத் தெரிந்தெடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை, நீரில் தொழில் செய்கிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் எந்த உடை பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிழல் சொல்லும் கணக்கு

கல்முனை வட அகலாங்கு ஏழரைப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அறுகம்குடா ஏழு பாகைக்கும் சற்றுக் கீழே. ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 8ஆம் திகதியை அண்டியும் செப்டெம்பர் 4ஆம் திகதியை அண்டியும், நண்பகற் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அறுகம்குடாவின் அலைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிறது. பருவத்தின் தொடக்கத்திலும் முடிவுக்குச் சற்று முன்னும் சூரியன் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது என்பதே இதன் பொருள். இடையில் வரும் ஜூன் மாதத்தில்கூட அது உச்சியிலிருந்து பதினாறு, பதினேழு பாகைதான் விலகும்.

உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் கதிரின் வலிமையை ஒரு சுட்டெண்ணால் அளக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் கழியூதாக் கதிர் என்று சொல்வதும் இதைத்தான். சுட்டெண் 3ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்கிறது அந்த நிறுவனம். 11ஐத் தாண்டினால் அது மிகக் கடுமையான நிலை. நம் அகலாங்கில் தெளிந்த வானமுள்ள நண்பகல்களில் 11ஐத் தாண்டுவது வழமை.

கடல் இதைக் கூட்டுகிறது. வெண்மணல் தன்மேல் விழும் புற ஊதாவில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி எறிகின்றன. நீருக்குள் அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதம் எஞ்சுகிறது. மெல்லிய முகில் 90 சதவீதம் வரை கடந்துபோக விடுகிறது. தொப்பி போட்டவரின் நாடிக்குக் கீழேயும் வெயில் சுடுவது, கீழிருந்து திரும்பி வரும் கதிரால்தான்.

கச்சான் காற்று இன்னொரு ஏமாற்று வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் இந்தக் காற்று வயலில் நிற்பவருக்கு அனல். அறுகம்குடாவில் அலையின் முகத்தை மழமழப்பாக்கித் தரும் துணையும் அதுவே. நனைந்த உடம்பில் அது படும்போது குளிர்கிறது. புற ஊதாவுக்குத் தனிச் சூடு கிடையாது. குளிர்ந்த தோலில் எரிச்சல் தெரியாது. இரவில் படுக்கும்போதுதான் தெரியும்.

கருவி இல்லாதவருக்கு ஒரு எளிய அளவை உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை வெயில் ஆபத்தானது. இந்த விதி நம் ஊர்களுக்குப் புதிதல்ல. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர் தொழுகை நேரம். நண்பகல் நிழலை நீக்கிப் பார்த்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு நீண்டதும், இங்கே பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ வழிமுறைப்படி அஸர். உச்சி நிழலே இல்லாத ஏப்ரல், செப்டெம்பர் நாட்களில் நிழல் விதியும் அஸர் நேரமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. மற்ற நாட்களில் அஸர் இன்னும் சற்றுப் பிந்தும். ஆக, அஸர் தொழுதுவிட்டுக் கடலுக்குப் போகும் ஊர் வழக்கம் வெயில் அறிவியலோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. அதற்கு முன் நீரில் இறங்க வேண்டியிருந்தால், துணிதான் காக்க வேண்டும்.

நெசவாளியின் கண்

துணி வெயிலை எப்படித் தடுக்கிறது என்பதை மருதமுனைக்காரருக்கு எளிதாக விளக்கலாம். கைத்தறிச் சாறனுக்குப் பேர்பெற்ற ஊர் அது. நல்ல துணியா என்று பார்க்க அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்போம். பாவுக்கும் ஊடைக்கும் இடையே எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுகிறதோ, அவ்வளவுக்கு நெசவு தளர்ந்தது. ஆய்வுகூடத்தில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. கண்ணுக்குப் பதிலாக அங்கே புற ஊதாவை அளக்கும் கருவி இருக்கிறது.

துணியின் காப்பு அளவை யூபிஎஃப் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். யூபிஎஃப் 50 என்றால் விழும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம், கடந்துபோகிறது. நூல் கதிரை முழுவதும் தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவு. துணியில் 10 சதவீதம் இடைவெளி என்றால் காப்பு 10; 5 சதவீதம் என்றால் 20; 2 சதவீதம் என்றால் 50. இடைவெளி சிறிது குறைந்தாலே காப்பு பல மடங்காகிறது. துணி நைந்து சிறிது தளர்ந்தாலும் அதே வேகத்தில் காப்பு சரிகிறது.

நெசவின் நெருக்கத்துக்கு அடுத்தது நூலின் தன்மை. பொலியெஸ்டரின் மூலக்கூறிலேயே புற ஊதாவை உறிஞ்சும் வளையங்கள் உள்ளன; அதனால் மெல்லிய பொலியெஸ்டரும் நன்றாகக் காக்கும். நைலோன் தனியே அவ்வளவு காக்காது. அதில் சேர்க்கும் பொருட்களைப் பொறுத்தது. வெளுத்த பருத்தி பலவீனமானது. வெளுக்காத பருத்தியில் இயற்கையாக உள்ள நிறப்பொருள் கதிரில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஆழ்ந்த நிறங்கள், கருநீலமும் கறுப்பும் கடுஞ்சிவப்பும், அதே துணியின் வெளிர் நிறத்தைவிட நன்கு காக்கும்.

மூன்றாவது, ஈரம். நம் கட்டுரையின் மையம் இதுதான். உலர்ந்த துணியில் நூலிழைகளுக்கு இடையே காற்று இருக்கிறது; ஒளி அதில் பட்டுச் சிதறி ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. நனையும்போது அந்த இடத்தை நீர் நிரப்புகிறது. சிதறல் குறைந்து ஒளி நேரே உள்ளே போகிறது. எண்ணெய் பட்ட கடதாசி கண்ணாடிபோல ஆவதும் இதே காரணத்தால். உலர்ந்த வெள்ளைப் பருத்தி ரீ-சேர்ட்டின் காப்பு ஏற்கெனவே 5 முதல் 7 அளவுதான். நனைந்தால் 3 அளவுக்கு இறங்கும். கதிரில் மூன்றில் ஒரு பங்கு முதுகுக்குப் போகிறது. பிள்ளைக்கு வெள்ளைப் பெனியனைப் போட்டுக் கடலில் இறக்கிவிட்டு, மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, இழுவிசை. லைக்ரா கலந்த துணி உடம்போடு ஒட்டி நிற்கும். அளவுக்கு மீறி இழுபட்டால் கண்ணிகள் திறந்துகொள்ளும். போன ஆண்டு வாங்கிய உடையைப் பிள்ளை இந்த ஆண்டும் பிதுக்கிப் போட்டுக்கொண்டால், தோளிலும் முதுகிலும் துணி வலையாகிவிட்டது என்று பொருள்.

முத்திரையை வாசிப்பது

இத்தகைய உடைக்கு முதன்முதலில் அளவுகோல் வகுத்தவை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 1996இல் வந்த அந்தத் தரநிர்ணயம் 2017இல் திருத்தப்பட்டது. திருத்தத்தில் ஒரு முக்கியமான அறிவு இருக்கிறது: துணி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் உடை போதிய அளவு உடம்பை மூடாவிட்டால் வெயில்காப்பு உடை என்று முத்திரை பெற முடியாது. ஐரோப்பியத் தரநிர்ணயம் யூபிஎஃப் 40க்கு மேல் கேட்கிறது. அவுஸ்திரேலியர் 1981இல் தொடங்கிய புகழ்பெற்ற விழிப்புணர்வு இயக்கத்தின் முதற்கட்டளை சட்டையைப் போடு என்பது. களிம்பைப் பூசு என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. தோல் புற்றுநோய் அதிகமுள்ள ஒரு நாடு கண்ட வரிசை அது.

நம் சந்தையில் முத்திரை இல்லாத உடைகளே அதிகம். முத்திரை இல்லை என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை. கடையிலேயே உள்ளே கையை விட்டு, துணியைச் சற்று இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். விரல்களின் உருவம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். வாங்கிய பின் ஒரு மூலையை நனைத்து மீண்டும் பாருங்கள். விளையாட்டுக் கழகப் பொடியன்மார் போட்டிகளுக்கு அச்சிடும் பொலியெஸ்டர் ஜேர்சி நல்ல மாற்று. ஆனால் முழுக்கை வேண்டும். காற்றோட்டத்துக்கென்று பொட்டுத் துளைகள் உள்ள துணி வேண்டாம்; ஒவ்வொரு துளையும் ஒரு சன்னல்.

எந்த நீருக்கு எந்த உடை

அலைச்சறுக்குக்காரர் நேரத்தில் பெரும்பகுதியைக் குப்புறப் படுத்துக் கைவலித்தே கழிக்கிறார். வெயில் விழுவது பிடரி, முதுகு, முழங்காலின் பின்புறம், கெண்டைக்கால். பலகையில் பூசும் மெழுகும் உப்பும் நெஞ்சை உராய்ந்து சொறியாக்கும். அதைத் தடுக்கவே ரேஷ் வெஸ்ட் எனும் ஒட்டுச்சட்டை பிறந்தது. இங்கே கடல்நீர் ஏறத்தாழ 28 பாகை வெம்மை. குளிருக்காகக் கலிபோர்னியர் அணியும் தடித்த ரப்பர் உடை நமக்குத் தேவையில்லை. உயர்ந்த கழுத்துப்பட்டி, மணிக்கட்டு வரை கை, முன்விளிம்பில் காற்சட்டையோடு பிணைக்கும் ஒரு சிறு கண்ணி ஆகியவை இருந்தால் போதும். கண்ணி இல்லாவிட்டால் அலையில் சட்டை மேலேறி, இடுப்பின் பின்புறம் ஒரு பட்டையாக எரியும்.

ஆண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் காற்சட்டை இரட்டைப் பயன் தரும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்ற மார்க்க வரம்பும் நிறைவேறும். பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது தொடையின் மேற்பகுதியும் தப்பும். சாறன் கரைக்கு அருமையான உடை, ஆழத்துக்கு ஆகாது. நீர் புகுந்து காலைச் சுற்றிக்கொள்ளும்.

பாசிக்குடாவின் ஆழமற்ற நீரில் மூச்சுக்குழாய் மாட்டி முகம் கவிழ்ந்து மிதப்பவர் மிகவும் ஏமாந்துபோவார். நீர் முதுகை மூடியிருப்பதுபோலத் தோன்றும். மேலே இருப்பது விரற்கடை நீர்தான். அவருக்கு முழுக்கையும் முழுக்காலும் வேண்டும்.

படகோட்டுவோருக்கும் கரைவலைக்காரருக்கும் இறுக்கமான உடை ஒத்துவராது. நாள் முழுக்க வியர்க்கும் வேலை அது. தளர்ந்த, ஆழ்ந்த நிற, நெருங்கிய பொலியெஸ்டர் முழுக்கைச் சட்டை, கழுத்தின் பின்புறத்தை மறைக்கும் தொப்பி, நாடிக் கயிறு, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். கண்ணாடியை ஆடம்பரம் என்று தள்ளக்கூடாது. வெயிலும் நீரின் பிரதிபலிப்பும் ஆண்டுக்கணக்காகப் பட்டால் வெண்விழியில் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறும். மேலைநாடுகளில் இதற்கு அலைச்சறுக்குக்காரரின் கண் என்று பெயர். பலகையே ஏறாத மீனவருக்கும் அதே கண்தான் வருகிறது.

பெண்களும் கடலும்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கரைகளில் ஒரு காட்சி உண்டு. தம்பி நீரில் துள்ளுவான். தாத்தா, அதாவது அவன் அக்கா, கரையில் நின்று அவன் செருப்பைக் காப்பாள். அவள் இறங்கினாலும் அபாயாவோடு கணுக்காலளவில் நிற்பாள். அபாயாவின் நெருங்கிய கறுப்புத் துணி தரையில் மிகச் சிறந்த வெயில்காப்பு. நீரில் அதே அகலம் பாரமாகிறது. மடிப்புகளில் நீர் புகும், கால் சிக்கும், கை உயராது.

இதைச் சொல்ல நமக்கு ஒரு கனத்த காரணம் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 2005 மார்ச்சில் ஒக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் நீச்சலும் மரமேறலும் பெரும்பாலும் ஆண்களுக்கே கற்பிக்கப்பட்டதை, பெண்கள் அதிகமாக இறந்ததற்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டியது. அந்த அலையின் முன் நல்ல நீச்சலும் பலருக்கு உதவியிராது. ஆனாலும் கடலோரத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளை நீந்தத் தெரியாமல் வளர்வதை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. அவள் தண்ணீரில் இறங்க அனுமதி வேண்டும், இடம் வேண்டும், உடை வேண்டும். உடைக்கான விடை ஏற்கெனவே இருக்கிறது.

லெபனானில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த அஹீதா ஸனெட்டி, ஹிஜாபோடு வலைப்பந்து விளையாடச் சிரமப்பட்ட தம் உறவுச் சிறுமியைப் பார்த்து, 2004இல் புர்கினியை வடிவமைத்தார். தலையை மூடும் பகுதி, இடுப்புக்குக் கீழே இறங்கும் மேலுடை, முழுக்காலுடை. நீரை உறிஞ்சிக் கனக்காத பொலியெஸ்டர். 2007இல் மெக்கா லாலா என்ற இளம்பெண் அதை அணிந்தே சிட்னியில் கடற்கரை உயிர்காப்பாளரானார். அந்த உடையை முஸ்லிம் அல்லாதவர்களும், தோல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் தேடி வாங்கினார்கள். 2011இல் பிரித்தானியச் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லோசன் சிட்னியின் பொண்டைக் கடற்கரையில் அதை அணிந்தது வெயிலுக்காகவே. மார்க்கத்துக்காக மூடியவருக்கும் வெயிலுக்கு அஞ்சி மூடியவருக்கும் ஒரே உடை பொருந்தியது.

ஈரானின் பலூசிஸ்தான் கரையில் உள்ள சாபஹாரிலும், வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜாரிலும் முஸ்லிம் பெண்கள் உடம்பை மூடிய உடையோடு அலையேறினார்கள். நமக்கு அண்மையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2018இல் தொடங்கிய அறுகம்குடாப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் இலங்கையில் பெண்களுக்கென்று உருவான முதலாவது அலைச்சறுக்குக் கழகம். பொத்துவில் எல்லைக்குள் பெண்கள் பலகை பிடித்துக் கடலுக்குப் போவது இன்று நடக்கிற காரியம்.

நம் பிள்ளைகளுக்கு உடை தைக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மேலுடை முழங்கால் வரை இறங்கட்டும், ஆனால் குறுகலாக இருக்கட்டும். நீரில் மிதந்து மேலேறாமல் இருக்க உள்ளே காலுடையோடு பிணைக்கும் பொத்தானோ நாடாவோ வேண்டும். தலைத்துணியைக் குண்டூசியால் குத்தக்கூடாது; தைத்த தலையுறையாகவே இருக்க வேண்டும். தொங்கும் முனை எதுவும் இருக்கலாகாது. ஆழ்ந்த நிறமாக இருந்தால் நனைந்தாலும் உருவம் காட்டாது, வெயிலும் புகாது.

எழும் கேள்விகள்

கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். மெலனின் உண்மையிலேயே பெரும் காப்பு. தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு. ஆனால் தோல் எரியும், கன்னத்தில் மங்கு படரும், சுருக்கம் முந்தும். கண்ணுக்குத் தோலின் நிறம் காவலில்லை.

மூடியே இருந்தால் விற்றமின் டி குறையாதா என்பது நியாயமான கேள்வி. வீட்டிலும் வெளியிலும் முழுதும் மூடியிருக்கும் பெண்களில் இந்தக் குறைபாடு காணப்படுவது அறிந்ததே. அதற்கு வழி இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் சொல்லும் மாத்திரையும் சிறிது நேர வெயிலும். உச்சி வெயிலில் இரண்டு மணித்தியாலம் கடலில் எரிவது மருந்தாகாது.

களிம்பு பூசினால் போதாதா என்றும் கேட்பார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு முறை பூச ஏறத்தாழ ஏழு தேக்கரண்டி வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நீரிலிருந்து ஏறியதும் மறுபடியும். கரைவலைக் கூலியில் அது கட்டுப்படியாகாது. சில களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் பவளத்துக்குக் கேடு என்ற அச்சத்தால் ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. முழுக்கைச் சட்டை ஒன்று இருந்தால் முகம், புறங்கை, பாதம் மட்டுமே களிம்புக்கு எஞ்சும்.

உடையைப் பேணுவதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தினால் லைக்ரா நீண்டநாள் நிற்கும். நீச்சல் தடாகத்தின் குளோரின் அதைச் சீக்கிரம் தளர்த்தும். முழங்கையிலும் இருக்கையிலும் துணி மினுங்கத் தொடங்கினால் மீண்டும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்.

நம்மிடம் உள்ளவை

இலங்கையின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதி ஆடை. 1987இல் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள் உலக விளையாட்டு உடைப் பெயர்களுக்குத் தைத்துக் கொடுக்கின்றன. நீட்சித் துணியைத் தைக்கத் தெரிந்த கைகள் இந்த நாட்டில் நிறைய. எங்கள் ஊர்களில் வீட்டுத் தையல் இயந்திரத்தில் அபாயா தைத்துக் குடும்பம் காக்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நீட்சித் தையலும் சரியான துணியும் அவர்கள் கைக்கு வந்தால், பெண்பிள்ளைகளுக்கான நீச்சலுடை கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவேண்டியதில்லை.

மருதமுனைத் தறிக்கும் இடம் உண்டு. நெருங்க நெய்த, ஆழ்ந்த சாயமிட்ட பருத்தி நீரில் தோற்றாலும் கரையில் வெல்லும். முதல் சலவையில் சுருங்கும்போது அதன் இடைவெளி இன்னும் அடைகிறது. கரையேறியதும் போர்த்திக்கொள்ளும் துணியாக, வலை இழுக்கும் இடத்தில் கட்டும் பந்தலாக, பிடரி மறைக்கும் தலைத்துணியாக அது வேலை செய்யும். துணியின் காப்பை அளக்கும் நிறமாலைமானி ஓர் அறிவியல் பீடத்துக்கு அரிய கருவியல்ல. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இருக்கின்றன. மருதமுனைச் சாறனையும், கல்முனைச் சந்தையின் ஜேர்சியையும், கரைவலைக்காரரின் பழைய சேட்டையும் உலர்வாகவும் ஈரமாகவும் அளந்து அட்டவணையாக வெளியிட ஒரு மாணவரின் ஒரு தவணை போதும். அந்த அட்டவணை பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் மீனவர் சங்கக் கொட்டிலிலும் தொங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று அஸருக்குப் பிறகு கரைக்குப் போகும்போது, வீட்டில் கடலுக்கென்று ஒதுக்கிய சேட்டை எடுத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். பிழியாமல் இரண்டு கையாலும் விரித்து வானத்தின் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அதன் ஊடாக எவ்வளவு வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிறதோ, அதை அணிந்து வலை இழுக்கிறவரின் முதுகிலும் அவ்வளவு வெயில் விழுகிறது.